தூக்கிய ஜிம்னியில் ஸ்டியரிங் அலைகிறதா? புஷ், பிராக்கெட், ஆர்ம், டேம்பர்: எதற்குக் காசு போடலாம்

சிங்கப்பூரையும் மலேசியாவையும் இணைக்கும் துவாஸ் இரண்டாம் பாலத்தில் பக்கக் காற்று அடித்தபோதுதான் எனக்கு முதலில் பயம் வந்தது. என் சுசுகி ஜிம்னிக்கு (ஜேபி74 மாடல்) 2 அங்குல லிஃப்ட் போட்டு, அதாவது உயரமான ஸ்பிரிங் வைத்து வண்டியைத் தூக்கி, நான்கு நாள் ஆகியிருந்தது. ஜோகூரில் இருக்கும் குனோங் பூலாய் மலைப் பக்கம் நண்பர்களோடு போய்க்கொண்டிருந்தேன். ஒரு லாரி முந்திப் போனதும் வண்டி அதன் பக்கம் சாய்ந்து போனது. திருத்தினால் மறுபக்கம் ஓடியது. பாலத்தைத் தாண்டுவதற்குள் உள்ளங்கை வேர்த்துவிட்டது. பின்னால் வந்த தம்பி, "அண்ணே, கோட்டுக்குள்ள நிக்கவே மாட்டேங்குதே, தூக்கமா?" என்று போனில் கேட்டான்.

லிஃப்ட் போட்ட பட்டறையில் சொன்னபோது, "பெரிய ஸ்டியரிங் டேம்பர் மாட்டினால் சரியாகிவிடும்" என்றார்கள். டேம்பர் என்பது ஸ்டியரிங்கின் உதறலை அடக்கும் ஷாக் அப்சார்பர். மாட்டினேன். ஸ்டியரிங் கனத்தது, அலைச்சல் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு வழியையும் உட்கார்ந்து படித்து, நண்பர்களின் வண்டிகளையும் ஓட்டிப் பார்த்தேன்.

முதலில், 'லூஸ்' என்று நாம் சொல்வது ஒரே கோளாறு கிடையாது. வளைவு முடிந்து கையைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாமல் சோம்பலாக நின்றால், நெடுஞ்சாலையில் வண்டி மிதப்பதுபோல் இருந்தால், அது கேஸ்டர் என்ற சாய்வுக் கோணம் குறைந்ததன் அடையாளம். ஸ்டியரிங்கை இரண்டு விரல் அகலம் ஆட்டியும் சக்கரம் அசையாவிட்டால் அது தேய்மானம்: இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் டை ராடின் முனை, சக்கரம் திரும்பும் அச்சில் இருக்கும் கிங்பின் பேரிங் இவற்றைப் பார்க்க வேண்டும். மேடு பள்ளத்தில் மட்டும் ஸ்டியரிங் தானாகத் திரும்பினால் பேன்ஹார்ட் ராடும் (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) டிராக் லிங்கும் (ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி) ஒரே சாய்வில் இல்லை. இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் எந்தப் பொருளை வாங்கினாலும் காசு வீண்.

தூக்கிய வண்டியில் பெரும்பாலும் முதல் வகைதான். சைக்கிளின் முன் ஃபோர்க் கொஞ்சம் பின்னோக்கிச் சாய்ந்திருப்பது, கையை விட்டாலும் அது நேராக ஓட உதவுகிறது. அந்தச் சாய்வுதான் கேஸ்டர். ஜிம்னியின் முன் ஆக்சிலை இரண்டு நீளமான ஆர்ம்கள் சேசியோடு (வண்டியின் அடிச்சட்டம்) பிடித்திருக்கின்றன. ஸ்பிரிங் உயர்ந்தால் ஆர்மின் சேசி முனை மேலே போகிறது, ஆக்சில் முன்பக்கமாகச் சுழல்கிறது, சாய்வு குறைகிறது. ஆர்ம் 800 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொண்டால், 50 மி.மீ. உயர்த்தினாலே சுமார் மூன்றரை டிகிரி போய்விடும். என் வண்டியின் அலைன்மென்ட் தாளில் பழைய அளவைவிட இரண்டரை டிகிரி குறைவு. அந்தக் கட்டம் சிவப்பாக இருந்தது. அலைன்மென்ட் கடைக்காரர் அதைக் காட்டி, "இது அட்ஜஸ்ட் பண்ண முடியாது" என்று டோவை (சக்கரங்கள் உள்ளே வெளியே திரும்பியிருக்கும் அளவு) மட்டும் சரிசெய்து அனுப்பிவிட்டார். அவர் சொன்னது உண்மைதான். இந்த ஆக்சிலில் கேஸ்டரைத் திருப்ப கம்பெனி எந்தத் திருகும் வைக்கவில்லை. அதனால்தான் வெளியிலிருந்து வழி தேட வேண்டியிருக்கிறது.

ஆஃப்செட் புஷ்தான் மலிவு. ஆர்மின் ஆக்சில் முனையில், போல்ட்டைச் சுற்றி மெத்தைபோல் இருக்கும் ரப்பர் புஷ்களை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் தள்ளி எடுத்துவிட்டு, துளை நடுவில் இல்லாமல் ஒதுங்கியிருக்கும் புஷ்களைப் போடுவார்கள். வெளியே பார்த்தால் ஒன்றுமே மாறியதாகத் தெரியாது, கிரவுண்ட் கிளியரன்சும் குறையாது. ஆனால் இவை பெரும்பாலும் பாலியூரித்தேன். ரப்பர் அளவுக்கு முறுக்கம் கொடுக்காது. பாறையில் ஒரு சக்கரம் ஏறி மறு சக்கரம் தொங்கும்போது ஆக்சில் பழையபடி வளைந்து கொடுப்பதில்லை. இன்னொன்று, திசை மாற்றிப் போட்டால் குறைந்த கேஸ்டர் இன்னும் குறையும். என் நண்பர் ஒருவருக்கு அப்படித்தான் நடந்தது. புஷ் போட்ட பிறகு வண்டி முன்னைவிட மோசமாக ஓடியது. கழற்றிப் பார்த்தபோது இடது ஆர்மில் துளை தலைகீழாக இருந்தது.

டிராப் பிராக்கெட் ஆர்மின் சேசி முனையைக் கீழே இறக்குகிறது. ஓட்டும் சுகத்தை மட்டும் பார்த்தால் எனக்கு இதுதான் பிடிக்கும். கேஸ்டரோடு ஆர்மின் பழைய சாய்வும் திரும்பி வருவதால், வேகத்தடையில் வண்டி குதிக்காமல் மடிந்து இறங்கும். மற்ற இரண்டு வழிகளிலும் அந்தச் சுகம் கிடைக்காது. ஆனால் காசு கொடுத்து உயர்த்திய இடத்திலேயே ஓர் இரும்புத் துண்டு தொங்கும். ஜோகூர் செம்பனைத் தோட்டத்து மண் பாதை என்றால் பரவாயில்லை. ஆற்றுப் பாறை என்றால் முதலில் இடிப்பது அதுதான்.

கேஸ்டர் திருத்திய ஆர்ம் விலை அதிகம். திருத்தம் ஆர்மின் வடிவத்திலேயே இருப்பதால் ரப்பர் புஷ் அப்படியே இருக்கும், கீழேயும் எதுவும் தொங்காது. 2 அங்குலமும் அதற்கு மேலும் தூக்கி, வண்டியைச் சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருப்பதற்கான உரிமச் சான்றிதழ்) முடியும்வரை வைத்திருக்கப் போகிறவர் இதைத்தான் வாங்க வேண்டும். நானும் கடைசியில் இதற்குத்தான் வந்தேன். ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் தூக்கியவருக்குப் புஷ்ஷே போதும்.

ஜீப் ரேங்ளரின் ஜேகே மாடல் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கேஸ்டரை ஏற்றும்போது முன் டிஃபரன்ஷியலின் பினியன் முனை, அதாவது புரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் முனை, கீழே குனிகிறது. அந்த வண்டியில் டூ வீல் டிரைவில் ஓட்டினாலும் முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டே இருக்கும் என்பதால், மலேசிய நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் போகும்போது அதிர்வு வரலாம். கொஞ்சம் கேஸ்டரை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

டேம்பரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜேபி74இல் கம்பெனியே ஒன்று போட்டிருக்கிறது. பெரியது மாட்டினால் கல்லில் அடிபடும்போது ஸ்டியரிங் கையை உதறுவது குறையும், அவ்வளவுதான். தேய்ந்த பேரிங்கை அது மறைத்துவிடும் என்பதுதான் என் கவலை.

அட்ஜஸ்டபிள் பேன்ஹார்ட் ராட் ஆக்சிலை நடுவுக்குக் கொண்டுவரும், அலைச்சலை நிறுத்தாது. அதன் ஆக்சில் முனையை மட்டும் பிராக்கெட் வைத்து உயர்த்திவிட்டு டிராக் லிங்கை விட்டுவிட்டால், இல்லாத கோளாறு புதிதாக வரும். டிராக் லிங்க் நீளத்தைத் திருத்தி ஸ்டியரிங்கை நேராக வைப்பது மட்டும் எல்லோருக்கும் கட்டாயம். சக்கரம் நேராக இருக்கும்போது ஸ்டியரிங் கோணலாக இருந்தால் வண்டி சறுக்காமல் காக்கும் இஎஸ்பி குழம்பும்.

ஸ்டியரிங் பாக்ஸின் மேல் இருக்கும் திருகை இறுக்கச் சொல்பவரை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். ஆட்டம் போனதுபோல் தெரியும், உள்ளே பற்கள் தேயும், வளைவில் ஸ்டியரிங் இறுகி நிற்கவும் கூடும்.

எதை வாங்கும் முன்பும் சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மாற்றியமைப்பு விதிகளைப் பாருங்கள். மூன்று வயது தாண்டிய கார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பத்து வயது தாண்டினால் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போக வேண்டும். சேசியில் தொங்கும் பிராக்கெட் அங்கே கண்ணில் படாமல் போகாது.

ஆர்ம் போட்ட அன்று காக்கி புக்கிட்டில் மெக்கானிக்கிடம் ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டேன்: வண்டி ஜாக்கில் தொங்கும்போது புஷ் போல்ட்டை முழுதாக இறுக்க வேண்டாம், நான்கு சக்கரமும் தரையில் நின்ற பிறகு டார்க் ரெஞ்சில் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகிய நிலையில் இருந்து சீக்கிரம் கிழியும். அவர் தரையில் படுத்து, ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கி, வெள்ளை மார்க்கரில் கோடு போட்டார். ஒரு வாரம் ஓட்டிவிட்டுக் குனிந்து பார்த்தேன். கோடுகள் நகரவில்லை.