"யுவி பாதுகாப்பு" ஸ்டிக்கரை நம்பி ஒன்றரை மாதச் சம்பளத்தை விட்டேன்

நேற்று மாலை ஒரு குட்டி நாற்காலியின் முதுகில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி உரித்தேன். அதற்கு அடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு செவ்வகம், பளீரென்று ரத்தச் சிவப்பு. சுற்றிலும் மீதி நாற்காலி முழுக்க வெளுத்துப்போன ரோஸ். ஸ்டிக்கரில் என்ன அச்சடித்திருந்தார்கள் தெரியுமா? "யுவி பாதுகாப்பு உள்ளது". பொய்யில்லை. ஸ்டிக்கருக்கு அடியில் மட்டும் இருந்தது.

ஏழு மாதம்தான் ஆகிறது. போனது என் ஒன்றரை மாதச் சம்பளம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறிவிட்டால் எழுத மாட்டேன். என்ன நடந்தது, பிளாஸ்டிக்கில் நிறம் ஏன் போகிறது, போகாமல் இருக்க எதைப் பார்த்து வாங்க வேண்டும் எல்லாமே சொல்கிறேன்.

அக்கா சின்னக் குழந்தைகளுக்கு ஒரு விளையாட்டுப் பள்ளி நடத்துகிறாள். முற்றம் திறந்தவெளி, கூரை கிடையாது. அங்கே போட 24 சிவப்பு நாற்காலி, 4 நீல மேசை, ஒரு மஞ்சள் சறுக்குமரம். "என் பங்குக்கு நான் வாங்கித் தருகிறேன்" என்று பெருமையாகச் சொன்னவன் நான்தான். மொத்தமாக வாங்குவோருக்கென்றே இருக்கும் ஓர் இணையத் தளத்தில் தேடி, நட்சத்திரம் அதிகம் வாங்கிய ஒரு விற்பனையாளரைப் பிடித்தேன்.

நான் ஒன்றும் கேட்காமல் ஏமாறவில்லை. "வெயிலில் கிடக்கும், நிறம் போகுமா?" என்று முதல் கேள்வியே அதைத்தான் கேட்டேன். அந்த ஆள் உடனே வீடியோ அழைப்பில் வந்தார். ஒரு நாற்காலியை எடுத்தார், ரம்பத்தை எடுத்தார், என் கண் முன்னாலேயே அதன் காலை அறுத்தார். வெட்டுமுகத்தைக் கேமராவுக்குப் பக்கத்தில் காட்டி, "பாருங்க சார், உள்ளேயும் இதே சிவப்புதான். மேலே பூசின பெயின்ட்டா இருந்தா போகும். இது உடம்போட கலந்த நிறம், எங்கே போகப் போகுது?" என்றார். விற்க வேண்டிய பொருளையே ஒருவர் அறுத்துக் காட்டினால் எப்படி நம்பாமல் இருப்பது? கூடவே "1000 மணி நேர யுவி சோதனையில் தேர்ச்சி" என்று ஒரு சான்றிதழும் அனுப்பினார். அன்றைக்கே பணத்தைக் கட்டிவிட்டேன்.

மூன்றாம் மாதம் மஞ்சள் வெளிறியது. நான்காம் மாதம் நாற்காலிகள் ரோஸ் ஆகின. உட்கார்ந்து எழுந்த குழந்தைகளின் கால்சட்டையில் சுண்ணாம்பு ஒட்டினாற்போல வெள்ளைத்தூள். விரலால் தேய்த்தால் விரலிலும் வந்தது.

அப்புறம் புகார் படலம். முதல் பதில்: "தூசியாக இருக்கும், ஈரத்துணியால் துடைத்துப் புகைப்படம் அனுப்புங்கள்." துடைத்தேன். ஆச்சரியம், பழைய சிவப்பு அப்படியே திரும்பி வந்தது! நானும் வெள்ளந்தியாகப் படம் எடுத்து அனுப்பினேன். ஈரம் காய்ந்த பத்தாவது நிமிடம் மறுபடியும் ரோஸ். அதற்குள் புகாரை மூடிவிட்டார்கள். "பிரச்சினை தீர்ந்தது, படம் இணைக்கப்பட்டுள்ளது." என் படத்தையே எனக்கு எதிரான சாட்சி ஆக்கிவிட்டார்கள்.

இரண்டாவது புகாருக்கு, "நீல மேசை நன்றாகத்தானே இருக்கிறது? பொருளில் குறை என்றால் எல்லாம்தானே வெளுக்க வேண்டும்? நீங்கள் சிவப்பை மட்டும் ஏதோ சோப்பு போட்டுக் கழுவியிருக்கிறீர்கள்" என்றார்கள். மூன்றாவதுக்கு, வாரண்டி உடைவதற்கு மட்டும்தானாம், நிறத்துக்கு இல்லையாம். நான்காவதாக அந்தத் தளத்துக்கே எழுதினேன். "விற்பனையாளரைத் தொடர்புகொள்ளவும்." அவ்வளவுதான். இதற்கு நடுவே "நிறம் மீட்கும் ஸ்பிரே" என்று ஒன்றை என் தலையில் கட்டினார்கள். அதையும் காசு கொடுத்து வாங்கினேன், என்னைச் சொல்ல வேண்டும். அடித்தவுடன் பளபளவென்றுதான் இருந்தது. முதல் மழையோடு ஓடிவிட்டது. ஒன்றரை மாதச் சம்பளத்துக்கு மேல் அது தனிச் செலவு.

அப்பாவின் நண்பர் ஒருவர் பல வருடம் மோல்டிங் பட்டறையில் மெஷின் ஓட்டியவர். மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனேன். உள்ளங்கையால் ஒரு தடவு தடவிவிட்டு, "தம்பி, உள்ளே வரைக்கும் நிறம் இருக்கிறதுக்கும் வெயில் தாங்கிறதுக்கும் சம்பந்தமே இல்லையே. பிளாஸ்டிக் குருணையோட மாஸ்டர்பேட்ச், அதாவது நிறமி செறிஞ்ச குருணை, கலந்து வார்த்தா எவன் வார்த்தாலும் உள்ளே அதே நிறம்தான் இருக்கும்" என்றார். ரம்பம் காட்டிய வித்தை ஒரே வரியில் முடிந்தது.

அவர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். இங்கே இரண்டு சாவு நடக்கிறது. ஒன்று நிறமியின் சாவு. தரைக்கு வந்து சேரும் வெயிலில் ஏறக்குறைய 295 முதல் 400 நானோமீட்டர் வரை புற ஊதாக்கதிர், அதாவது யுவி, இருக்கிறது. பங்கு கொஞ்சம்தான், ஆனால் வேதிப் பிணைப்பை அறுக்கிற பலம் அதற்கு உண்டு. மலிவான சிவப்பும் மஞ்சளும் பெரும்பாலும் அசோ வகை நிறமிகள். இரண்டு நைட்ரஜன் அணுக்கள் கைகோத்து நிற்கும் இடம்தான் அவற்றின் நிறத்துக்கு முக்கிய ஆதாரம். வெயிலும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து அந்த மூலக்கூறைச் சிதைத்துவிட்டால் நிறம் முடிந்தது. நீல மேசைக்கு அநேகமாகத் தாலோசயனின் நிறமி போட்டிருப்பார்கள் என்றார். நடுவில் செம்பு அணு வைத்த அது, விலை மலிவு, ஆனாலும் வெயிலுக்கு அசையாது. நீலம் பிழைத்ததற்கு அதுதான் காரணம், என் சோப்பு இல்லை. குவினாக்ரிடோன், டிபிபி என்று வெயில் தாங்கும் சிவப்புகளும் இருக்கின்றன, விலைதான் அதிகம். இரும்பு ஆக்சைடு மலிவாகவும் கிடைக்கும், நன்றாகவும் தாங்கும், ஆனால் செங்கல் நிறம்தான் தரும். குழந்தைகள் பொருளுக்கு அது எடுப்பாக இருக்காது என்று யாரும் போடுவதில்லை.

இரண்டாவது பிளாஸ்டிக்கின் சாவு. இந்த நாற்காலி பாலிப்ரொப்பிலீன். வெயில் பட்டால் அதன் நீண்ட சங்கிலிகள் அறுந்து, ஆக்சிஜன் உள்ளே புகுந்து, அறுந்த முனை பக்கத்துச் சங்கிலியையும் இழுத்துக் கெடுக்கும். மேல்தோல் கண்ணுக்குத் தெரியாத அளவில் வெடித்துப் பொடியாகும். அந்த வெடிப்புகளில் ஒளி சிதறுவதால்தான் வெள்ளையாகத் தெரிகிறது. தண்ணீர் பட்டால் வெடிப்பு நிரம்பி ஒளி சிதறாது, நிறம் திரும்பினாற்போல இருக்கும். ஈரத்துணி ரகசியம் இதுதான். ஸ்பிரேயும் இதைத்தான் செய்தது, தண்ணீருக்குப் பதில் எண்ணெய். மாமா சூடான காற்றை வீசும் ஹீட் கன்னை நாற்காலியின் ஒரு காலில் காட்டினார், மேல்தோல் உருகிச் சிவப்பு கொஞ்சம் எழுந்தது. "ரெண்டு மூணு வாரம் தாங்கும், சந்தோஷப்படாதே" என்றார். சொன்ன மாதிரியே ஆனது. சறுக்குமரத்தில் ஈரத்துணிக்கும் மஞ்சள் வரவில்லை. அங்கே நிறமியே செத்துவிட்டது.

இதைத் தடுக்க மருந்து இருக்கிறது என்பதுதான் வயிற்றெரிச்சல். ஹால்ஸ் என்பார்கள், அறுந்த முனைகளைப் பிடித்து அடக்கும் அமீன் வகைச் சேர்மம். 100 கிலோ பிளாஸ்டிக்குக்குச் சில நூறு கிராம் போட்டாலே ஆயுள் பல மடங்கு கூடும். அந்தச் சில நூறு கிராமை மிச்சம் பிடிக்கத்தான் என் ஒன்றரை மாதச் சம்பளத்தில் கை வைத்தார்கள்.

சான்றிதழா? மாமா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துவிட்டுச் சிரித்தார். 1000 மணி என்பது இடைவிடாமல் ஓடினால் 42 நாள்கூட இல்லை. எந்த விளக்கு, எவ்வளவு உக்கிரம், கடைசியில் நிறம் எவ்வளவு மாறியது, ஒன்றுமே அதில் இல்லை. பிளாஸ்டிக்கை விளக்கொளியில் வைத்துச் சோதிக்கும் ஐஎஸ்ஓ 4892 மாதிரியான முறையின் பெயர்கூட இல்லை. கடைசிப் பக்கத்துப் படத்தில் இருந்த மாதிரித் துண்டு கறுப்பு நிறம். கறுப்புக்குப் போடும் கார்பன் கரி தானே வெயிலைத் தடுக்கும். கறுப்பைச் சோதித்துவிட்டுச் சிவப்பை விற்றிருக்கிறார்கள்.

சரி, என்ன பார்த்து வாங்குவது என்று சொல்கிறேன் என்றேன். அந்த விற்பனைத் தளத்துக்கு ஐந்தாவது புகார் எழுத வேண்டியிருக்கிறது, சுருக்கமாகவே சொல்கிறேன். அறுத்துக் காட்டினால் நம்பாதீர்கள். நிறமியின் ஒளி தாங்கும் எண்ணைக் கேளுங்கள், 1 முதல் 8 வரை ஓர் அளவுகோல் உண்டு, வெளியில் போடும் பொருளுக்கு 7, 8 வேண்டும். அதே நிறமி வெள்ளையோடு கலந்து வெளிர் நிறமானால் இன்னும் சீக்கிரம் போகும். சோதனை அறிக்கை நீங்கள் வாங்கும் அதே நிறத்துக்கு இருக்க வேண்டும். நிற மாற்றமும் வாரண்டியில் எழுத்தில் வேண்டும். புகாருக்கு ஈரத்தில் படம் எடுக்கவே எடுக்காதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் நிழலுக்கு நகர்த்துங்கள், வேறு வழியில்லை. ஜன்னல் ஓரம் வைத்தாலும் கண்ணாடி முழுக்கத் தடுக்காது.

சறுக்குமரத்தின் இரண்டாவது படியில் நேற்று முடி போல ஒரு விரிசல் பார்த்தேன். அக்காவிடம் சொல்லிக் குழந்தைகளை ஏற விடாமல் கயிறு கட்டியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை கழற்றப் போகிறேன். இப்போதாவது "உடைந்தால் வாரண்டி உண்டு" என்கிறார்களா, பார்ப்போம்.