மடக்கு பேனலா, கண்ணாடி பேனலா: ஏற்காட்டில் இரண்டு நாள்

போன ஜனவரியில் ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் இரண்டு நாள் டென்ட் போட்டிருந்தோம். மச்சான் தன் ஜீப்பின் கேரியரில் 100 வாட் கண்ணாடி சோலார் பேனலை போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறார். என்னிடம் இருப்பதும் 100 வாட்தான், ஆனால் நான்காக மடித்துக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகலாம். இரண்டையும் ஒரே வெயிலில் பார்க்க இதைவிட வசதி கிடைக்காது. நான் மடக்கு பேனல் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விலை, எடையெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. கண்ணாடி பேனல் ஏழெட்டு கிலோ, மலிவு. என்னுடையது அதில் பாதி எடை, ஆனால் மச்சான் கொடுத்ததைப் போல மூன்று மடங்கு கொடுத்தேன்.

இரண்டிலுமே 100 வாட் வராது. அது சதுர மீட்டருக்கு 1000 வாட் வெளிச்சம், செல்லின் (பேனலில் வெயிலை மின்சாரமாக்கும் சின்னக் கட்டம்) சூடு 25 டிகிரி என்று வைத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்தில் எடுத்த எண். நம் கோடை வெயிலில் செல் சர்வசாதாரணமாக 60 டிகிரியைத் தொடும். 25-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் கிட்டத்தட்ட 0.35 சதவீதம் குறைவதால், சூட்டிலேயே 12 வாட் போய்விடும். ஏப்ரலில் ஒரு தோப்பில் என் பேனலைப் பாறைமேல் விரித்து வைத்திருந்தேன். 61 வாட் காட்டியது. அடியில் இரண்டு குச்சியைக் கொடுத்துக் காற்றுப் போக விட்டதும், கால் மணி நேரத்தில் 66 ஆனது. குச்சிக்குச் செலவில்லை.

சாய்வு விஷயத்தில், பேனல் படுத்தே இருந்தால் போதும் என்று மச்சான் சொல்வதுதான் சரி. வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, படுக்கை வசத்தில் இருக்கும் பேனல் வீண் என்று நினைத்திருந்தேன். ஏற்காடு 12 டிகிரி அட்சரேகைக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. ஜனவரி நடுவில்கூட உச்சிவெயிலில் சூரியன் 57 டிகிரி உயரத்தில் நிற்கும். படுக்க வைத்தால் அந்த நேரத்தில் போவது 15, 16 சதவீதம்தான். ஏப்ரல், ஆகஸ்டில் அதுவும் இல்லை, சூரியன் நேர் தலைக்கு மேல். ஆக, என் பேனலின் ஸ்டாண்டுக்கு நம் ஊரில் பெரிய வேலை இல்லை.

அப்புறம் ஏன் மடக்கு பேனல்? நிழல்தான் காரணம்.

கேம்ப் என்றாலே மரத்தடியைத்தான் தேடுவோம். காபித் தோட்டத்தில் கேட்கவே வேண்டாம், செடிக்கு நிழல் கொடுப்பதற்கென்றே சில்வர் ஓக்கை வரிசையாக நட்டிருப்பார்கள். ஜீப்பையும் அங்கேதான் நிறுத்தினோம். "வண்டி வெயில்ல நின்னா உள்ள வச்ச தயிர் என்னடா ஆகும்?" என்றார் மாமியார். அதோடு மச்சானின் பேனல் கதை முடிந்தது.

பத்தில் ஒரு பங்கு நிழல் விழுந்தால் பத்தில் ஒரு பங்குதான் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உள்ளே செல்கள் மாலை கோத்த மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். ஒரு செல் நிழலில் சுணங்கினால் அந்த வரிசையே அது விடுகிற மின்னோட்டத்துக்கு இறங்கிவிடும். பைபாஸ் டையோடு (மின்னோட்டத்துக்கு மாற்று வழி விடும் சின்ன பாகம்) இருந்தால் சுணங்கிய பகுதியைத் தாண்டிப் போகும்தான். ஆனால் சின்ன பேனலில் அப்படித் தாண்டினாலே பாதி பேனல் போய்விடும். 18 வோல்ட் 9 ஆகிவிடும், அதை வைத்து 12 வோல்ட் பேட்டரியை எப்படி ஏற்றுவது?

என் பேனலிலும் இதைக் கண்ணால் பார்த்தேன். பதினொன்றரை மணிக்கு 71 வாட் காட்டிக்கொண்டிருந்தது திடீரென்று 19. மேகம் எதுவும் இல்லை. மாமியார் கொடியில் காயப்போட்ட துண்டின் நுனி நிழல், ஒரு மூலையில் உள்ளங்கை அளவுக்கு விழுந்திருந்தது. பேனலை ஓரடி நகர்த்தினேன், மறுபடி 70.

அந்த ஓரடியை மச்சானால் நகர முடியாது. அவருடைய பேனல் இலை இடுக்கு வெயிலில் 12-க்கும் 40-க்கும் இடையே ஆடிக்கொண்டே இருந்தது. நான் பத்து மீட்டர் 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயரை இழுத்து வெயில் போன பக்கமெல்லாம் போனேன், ஒரு நாளில் மூன்று முறை. மெல்லிய ஒயராக இருந்தால் வழியிலேயே வோல்ட் குறைந்துவிடும், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். மாலை நாலரைக்குக் கணக்குப் பார்த்தபோது அன்று முழுக்கச் சேர்ந்த மின்சாரம் எனக்கு 350 வாட்-மணி, அவருக்கு 170. இத்தனைக்கும் காலையில் முழு வெயில் விழுந்த அரை மணி நேரம் இரண்டும் கிட்டத்தட்ட சமமாகத்தான் ஓடின.

மச்சான் பக்கமும் நியாயம் உண்டு. தினம் ஓர் ஊர் என்று ஓடுபவருக்கு, வண்டி போகும்போதே சார்ஜ் ஏறுவது பெரிய விஷயம். மலையேறப் போனால் நான் பேனலைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டுத்தான் போகிறேன். காற்றுக்கு ஒரு தடவை குப்புற விழுந்தது, அன்றிலிருந்து நாலு மூலையிலும் கல். கண்ணாடி பேனலுக்கு 25 வருட உத்தரவாதம் தருகிறார்கள், மடக்கு பேனலுக்கு ஒன்றிரண்டு வருடம்தான். என்னுடையதற்கு 14 மாதம் ஆகிறது. மடிப்புத் துணியில் நூல் லேசாகப் பிரிகிறது, வாட் குறையவில்லை. ஐந்தாவது வருடத்தைப் பற்றி இப்போதே சத்தியம் செய்ய மாட்டேன். நல்ல மழையிலும் அதை நான் வைத்துப் பார்த்ததில்லை.

வாங்கப் போகிறவர்கள் டேப் எடுத்துக்கொண்டு போங்கள். 100 வாட்டுக்கு, செல் இருக்கும் பரப்பு மட்டுமே அரை சதுர மீட்டருக்கு நெருக்கமாக வேண்டும். இதற்கு முன் ஆன்லைனில் '60 வாட்' என்று ஒன்றை வாங்கினேன். அளந்தால் 0.14 சதுர மீட்டர். என்ன வெயிலுக்கும் 24-ஐத் தாண்டவில்லை. விற்றவர், "மேகமா இருக்கும் சார்" என்றார்.

மச்சான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் போன வாரம் போன் செய்து, "மாப்ளே, அந்த ஒயரு எத்தன மீட்டர்?" என்று கேட்டார். அடுத்த முறை கேரியர் போல்ட்டைக் கழற்ற ஸ்பேனர் கொண்டு வருகிறாராம்.