சி.ஏ. ஃபைனலுக்கு ஐ.சி.ஏ.ஐ. இலவசமாகத் தரும் படிப்புப் பொருள்கள்: வேலூரிலிருந்து ஒரு மதிப்பீடு

வேலூரில் சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) படிப்புக்காக ஆர்ட்டிகிள்ஷிப் என்னும் அலுவலகப் பயிற்சியில் சேரும் மாணவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, இறுதிக்கட்டத் தேர்வான ஃபைனலுக்கு எந்தக் கோச்சிங்கில் பணம் கட்டலாம் என்பதைத்தான். கட்டுவதற்கு முன், சி.ஏ. தேர்வுகளை நடத்தும் ஐ.சி.ஏ.ஐ. தன் இணையதளத்தில் விலையின்றித் தரும் மாட்யூல் (பாடநூல்), ஆர்.டி.பி. (ரிவிஷன் டெஸ்ட் பேப்பர்), எம்.டி.பி. (மாக் டெஸ்ட் பேப்பர், அதாவது மாதிரித் தேர்வுத் தாள்), சஜஸ்டட் ஆன்சர்ஸ் (முந்தைய தேர்வுகளின் விடைகள்) ஆகியவற்றை முறையாகப் பயன்படுத்திப் பாருங்கள் என்பதே என் பதில். மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாக வழிகாட்டிவரும் அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

மாட்யூல்கள் தடிமனானவை, தொடர்ந்து படித்தால் சலிப்பூட்டக்கூடியவை. ஆனால் 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய திட்டத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் மூன்று ஆண்டிலிருந்து இரண்டு ஆண்டாகக் குறைந்ததோடு, அது முடிந்து ஆறு மாதம் கழிந்த பிறகே ஃபைனல் எழுத முடியும் என்றும் ஆகிவிட்டது. அந்த ஆறு மாதத்தில் மாட்யூலை முதன்முறையாகத் திறப்பவர் ஆறு தாள்களையும் முடிக்கத் திணறுவார். வேலையோடு சேர்த்துப் படிப்பவருக்கு நம் ஊரே பாடம் நடத்துகிறது. ராணிப்பேட்டை தோல் பதனிடும் ஆலையில் ஆண்டிறுதிச் சரக்குக் கணக்கெடுப்புக்குப் போகும் மாணவர், முந்தைய இரவு சரக்குத் தணிக்கை பற்றிய தரநிலையான எஸ்.ஏ. 501ஐயும், சரக்கு மதிப்பீடு பற்றிய கணக்கியல் தரநிலையான இன்ட் ஏ.எஸ். 2ஐயும் மாட்யூலில் படித்துவிட்டுப் போனால், வெட் ப்ளூ (குரோமில் பதனிட்டு இன்னும் ஈரமாக உள்ள) நிலையில் அடுக்கிவைத்திருக்கும் தோலுக்கு எந்தெந்தச் செலவைச் சேர்த்து மதிப்பிட வேண்டும் என்பதை அங்கேயே நின்று யோசிப்பார். ஆம்பூர் ஷூ கம்பெனியின் ஜாப் ஒர்க் (பொருளை வெளியே அனுப்பி வேலை செய்து வாங்குதல்) சலான்களைச் சரிபார்க்கும்போது, அனுப்பிய உள்ளீட்டுப் பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும் என்னும் ஜி.எஸ்.டி. 143ஆம் பிரிவு தானாகவே மனதில் பதிந்துவிடும். ஏற்றுமதிக்கான வரி ரீஃபண்டும், அந்நியச் செலாவணி விலையை முன்கூட்டியே நிர்ணயிக்கும் ஃபார்வர்டு கான்ட்ராக்டும் அப்படித்தான். எந்த வீடியோ வகுப்பிலும் இது கிடைக்காது.

ஆர்.டி.பி. ஒவ்வொரு தேர்வுக்கும் முன் வருகிறது. வரித் தாள்களுக்கு அந்தத் தேர்வுக்குப் பொருந்தும் சட்டத் திருத்தங்கள் அதில் இருப்பதால், பழைய குறிப்புகளை நம்பிப் படிப்பவர்கள் இதை மட்டுமாவது தவறவிடக் கூடாது.

நான்கிலும் மிக உயர்வாக நான் மதிப்பது எம்.டி.பி.யைத்தான், மாணவர்கள் மிகக் குறைவாகப் பயன்படுத்துவதும் அதைத்தான். பலர் கேள்வியைப் படித்து, விடையைப் பார்த்து, 'தெரியும்' என்று தலையசைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். முதல் ஐந்து தாள்களில் ஒவ்வொன்றுக்கும் நூறு மதிப்பெண், மூன்று மணி நேரம்தான். அப்படியென்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடையாது, எட்டு மதிப்பெண் கணக்கைப் பதினான்கு நிமிடத்தில் முடித்தாக வேண்டும். இந்த வேகம் கைக்கு வருவது எழுதி எழுதித்தான். தாளை அச்சிட்டு, போனை வேறு அறையில் வைத்துவிட்டு, ஃபைனல் நடக்கும் அதே பிற்பகல் 2 மணிக்கு உட்கார்ந்து எழுதுங்கள். மே மாதத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் வேலூர் வெயிலுக்கு அஞ்சி விடியற்காலையில் மட்டுமே படித்துப் பழகியிருப்பார்கள். மதிய உணவுக்குப் பின் மூன்று மணி நேரம் கணக்குப் போடும் பழக்கம் தனியாக வர வேண்டியது. முப்பது மதிப்பெண்ணுக்கான எம்.சி.க்யூ.வில் நெகட்டிவ் மார்க் இல்லை, ஆகவே ஒன்றையும் விடாமல் குறிக்க வேண்டும் என்பதும் இப்படி எழுதிப் பழகும்போதுதான் ஒழுங்காகப் படிகிறது.

சஜஸ்டட் ஆன்சர்ஸில் எனக்கு ஒரு குறை உண்டு. அங்குள்ள விடைகள் பல, தேர்வறையில் எவரும் எழுதி முடிக்க முடியாத நீளத்தில் இருக்கின்றன. அதைப் பார்த்து மனம் தளர்ந்த நல்ல மாணவர்களை அறிவேன். அவற்றை மனப்பாடம் செய்ய வேண்டாம். சட்ட விதி, கேள்வியிலுள்ள விவரத்துக்கு அது பொருந்தும் விதம், முடிவு என மூன்று பத்தியாக விடை அமைந்திருப்பதை மட்டும் கவனித்து, உங்கள் விடையை அதே வரிசையில் சுருக்கமாக எழுதிப் பாருங்கள்.

தாளுக்கு 40 எடுத்தால் போதும் என்று கணக்குப் போடுபவர்கள், ஒரு குரூப்பின் மூன்று தாள்களிலும் சேர்த்து 150 வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். நன்கு வரும் ஒரு தாளை 60க்கு மேல் கொண்டுபோவது மற்றவற்றைத் தாங்கும். குரூப் கைநழுவினாலும் அந்தத் தாளை அடுத்த முறை எழுதத் தேவையில்லை என்னும் எக்ஸெம்ப்ஷன் கிடைக்கும். ஆறாம் தாள் புத்தகம் வைத்துக்கொண்டு நான்கு மணி நேரம் எழுதுவது என்றாலும், பக்கம் தேடவே நேரம் போய்விடும் என்பதால், மற்ற ஐந்தும் கைவசமான பிறகே அதன் கேஸ் ஸ்டடிகளுக்கு வர வேண்டும்.

கட்டண வகுப்பே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அட்வான்ஸ்டு ஃபைனான்ஷியல் மேனேஜ்மென்ட் தாளில் டெரிவேட்டிவ்ஸ் (பங்கு, நாணயம் போன்றவற்றின் விலையைச் சார்ந்த ஒப்பந்தங்கள்) பகுதி மாட்யூலை மட்டும் வைத்துப் பலருக்கும் பிடிபடுவதில்லை. அந்த ஒரு தாளுக்கு மட்டும் வகுப்பு வாங்குங்கள். ஆறு தாளுக்கும் சேர்த்து ஒரே தொகையாகக் கட்டாதீர்கள்.