டிஎம்சி 2209 டிரைவர்: ஓட்டம் அருமை, ஆனால் 256-ஐ அளவோடுதான் நம்புங்கள்

எறும்பு, வண்டு போன்ற பூச்சிகளின் கண்ணை 10 மடங்கு மைக்ராஸ்கோப் லென்ஸ் மாட்டிப் படம் எடுக்கிறேன். ஒரே படத்தில் கண் முழுவதும் தெளிவாக விழாது. கேமராவைத் துளித்துளியாக நகர்த்தி, நூற்றுக்கணக்கில் எடுத்துச் சேர்க்க வேண்டும். கேமரா ஒரு செங்குத்தான ரெயிலில் ஏறி இறங்குகிறது. அதை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டாரை, அதாவது சிறுசிறு அடிகளாகச் சுழலும் மோட்டாரை, இப்போது டிரினாமிக் நிறுவனத்தின் டிஎம்சி 2209 ஓட்டுகிறது. மோட்டாருக்குக் கரண்ட்டை அளந்து கொடுக்கும் சிப்தான் இந்த டிரைவர்.

முன்பிருந்த மலிவான டிரைவரில் மோட்டார் ஒவ்வோர் அடிக்கும் அதிரும். அந்த அதிர்வு அடங்கும்வரை ஷட்டரைத் தொட முடியாது. இதன் ஸ்டெல்த்சாப் என்ற சத்தமில்லா முறையில் மோட்டார் ஓடுவதே காதில் விழவில்லை. இந்த ஒன்றுக்காகவே வாங்கலாம்.

ஆனால் '256 மைக்ரோஸ்டெப்' (ஒரு முழு அடியை 256 ஆகப் பிரிப்பது) என்பதைப் படித்துவிட்டு துல்லியம் 256 மடங்கு கூடும் என்று நினைத்து வாங்காதீர்கள். 1.8 டிகிரி மோட்டாருக்குச் சுற்றுக்கு 200 முழு அடிகள். மோட்டாரின் இரு கம்பிச் சுருள்களில் ஒன்றில் கரண்ட்டை சைன் வளைவிலும் மற்றதில் கோசைன் வளைவிலும் ஏற்றி இறக்கினால், ரோட்டர் (மோட்டாரில் சுழலும் பகுதி) இரண்டு முழு அடிகளுக்கு நடுவிலும் நிற்கும். 256 என்றால் சுற்றுக்கு 51,200 நிலைகள். மோட்டார் சுழற்றும் என் ஸ்க்ரூ ஒரு சுற்றுக்குக் கேமராவை 2 மி.மீ. நகர்த்தும், முழு அடி 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் மி.மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), மைக்ரோஸ்டெப் 0.04 மைக்ரான். இதெல்லாம் கணக்கில்தான்.

சாதாரண மோட்டாருக்கே முழு அடியில் 5 சதவீதம் முன்பின் பிழை இருக்கும் என்று அதன் விவரத்தாளே சொல்லும். அதாவது 256-இல் கிட்டத்தட்ட 13 மைக்ரோஸ்டெப். இந்தப் பிழை சேர்ந்துகொண்டே போகாது, நல்லவேளை. இன்னொரு சிக்கல் டார்க், அதாவது சுழற்றும் விசை. மோட்டாரின் ஹோல்டிங் டார்க்கில் (நின்ற இடத்தில் பிடித்துவைக்கும் விசையில்) ஒரு மைக்ரோஸ்டெப்புக்குக் கிடைப்பது 1/16-இல் 9.8 சதவீதம், 1/256-இல் வெறும் 0.6 சதவீதம். ஸ்க்ரூவில் ஓடும் நட்டின் உராய்வு அதைவிடப் பெரிது. நகர்வை முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்துப் பாருங்கள்: டிரைவருக்கு அடி வைக்கச் சொல்லும் பல்ஸ் போய்க்கொண்டே இருக்கும், முள் அசையாது, அப்புறம் ஒரே தாவலில் நகரும்.

என் வேலைக்கு அவ்வளவு தேவையும் இல்லை. 0.25 நியூமரிக்கல் அப்பர்ச்சர் (ஒளி வாங்கும் கோணத்தின் அளவு) உள்ள லென்ஸின் தெளிவு ஆழம் 9 மைக்ரானுக்குள்தான். படத்துக்குப் படம் 5 மைக்ரான், அதாவது அரை அடி நகர்த்தினால் போதும். போர்டில் 1/16 வைத்திருக்கிறேன். இடைப்பட்டதை முழு அடிக்கு 256 வரும்படி பிரித்து ஓட்டுவதை சிப்பே பார்த்துக்கொள்கிறது. ஓட்டம் வழுக்கிக்கொண்டு போகிறது. எப்போதும் கீழிருந்து மேலாகவே நகர்த்துகிறேன், பேக்லாஷ் (திசை மாறும்போது மரையில் வரும் தளர்வு) தொல்லை வராது.

நிற்கும்போது கரண்ட்டைத் தானே குறைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. சூடு குறையும், சரி. ஆனால் கேமராவின் எடை கீழே இழுக்கும் ரெயிலில் அது ஆகாது. யுஆர்ட் (சிப்புக்குக் கட்டளை அனுப்பும் இணைப்பு) வழியாக, நிற்கும்போது ஓடும் ஹோல்ட் கரண்ட்டை ஏற்றிவிட்டேன். நடுவில் மோட்டார் கரண்ட்டை நிறுத்தினாலும் ரோட்டர் பக்கத்து முழு அடிக்கு நழுவிவிடும்.

நிஜமாகவே மைக்ரானுக்குக் கீழே இடம் பிடிக்க வேண்டியவர்கள் 0.9 டிகிரி மோட்டாரும் நெருக்கமான மரையுள்ள ஸ்க்ரூவும் பாருங்கள். அதுவும் போதாவிட்டால் உண்மையான இடத்தை அளந்து சொல்லும் என்கோடர்தான். டிரைவர் மாற்றிக் கிடைக்கிற விஷயமல்ல அது.

வாங்கினால் ஹீட்சிங்கை ஒட்ட மறக்காதீர்கள். பவர் இருக்கும்போது மோட்டார் வயரைக் கழற்றவே கூடாது, டிரைவர் போய்விடும்.