பழைய படகில் அடித்தண்ணி நாற்றம்: 42,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தோம், நீங்கள் ஏமாறாதீர்கள்

புதுச்சேரி தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலோ கடலூர் முதுநகர் உப்பனாற்றுப் பக்கமோ பழைய ஃபைபர் படகு, பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். "உள்ள நாத்தம் அடிக்குதா சார்? நாலே நாள்ல எடுத்துடறேன்" என்று ஒருவர் வந்து நின்றால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் படியுங்கள். அவர் பெயரைப் போடவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது.

எங்களுடையது 27 அடி பாய்மரப் படகு, 1980களில் கட்டிய ஃபைபர் உடம்பு. நானும் என் தாய்மாமாவும் சேர்ந்து வாங்கினோம். மாமா சரக்குக் கப்பலில் எஞ்சின் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போய் வருவதற்குத்தான் படகு. அதற்கு மேல் அதில் எந்த வருமானமும் கிடையாது.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தபோது கொட்டிய மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்கள் படகில் பாய்மரம் மேல்தளத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கி ஏராவின் (படகின் அடியில் முதுகெலும்பு மாதிரி நீளவாக்கில் ஓடும் பாகம்) மேல் நிற்கிறது. அந்த வகைப் படகில் மரத்தோடு சேர்ந்து மழைத்தண்ணியும் உள்ளே இறங்கும். தரைப்பலகைக்குக் கீழே தண்ணி நிரம்பி நின்றது. பம்ப் போட்டு இறைத்துவிட்டோம், முடிந்தது என்று நினைத்தோம். பொங்கல் கழிந்து படகைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். என் சின்ன மகள் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு அப்படியே திரும்பி ஓடினாள்.

அந்த நேரம் மாமா சென்னையில் இருந்தார், அவர் மகளுக்குப் பிரசவம். நான் தனியாக மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கும்போது அந்த ஆள் வந்தார். கையில் போன், அதில் முன் பின் படங்கள். கறுப்பாக ஒரு படகின் அடிப்பகுதி, அடுத்த படத்தில் வெள்ளை வெளேரென்று அதே இடம். படகு சுத்தம் செய்வதுதான் தன் தொழில் என்றார். மொத்தம் 42,000, முன்பணம் 25,000. உள்ளே இறங்கி ஐந்து நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. தண்ணி எங்கிருந்து வருகிறது என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

முதல் நாள் ராத்திரியே, நான் வீட்டுக்குப் போன பிறகு, எண்ணெயும் சேறுமாகக் கிடந்த அடித்தண்ணியைத் துறைமுகத்திலேயே இறைத்துக் கொட்டியிருக்கிறார்கள். மறுநாள் பக்கத்துப் படகுக்காரர்கள் என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. டீசல் கலந்த தண்ணியை டிரம்மில் பிடித்து, எண்ணெயைத் தெளிய வைத்து எடுத்து, பழைய எஞ்சின் ஆயில் வாங்குபவரிடம் கொடுத்திருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் நடந்ததைத்தான் நான் மிகவும் சொல்ல விரும்புகிறேன். வேலைக்குக் கூட்டி வந்திருந்த பையனுக்கு இருபது வயசு இருக்காது. பிளீச்சிங் பவுடரைக் கரைத்து அடியில் ஊற்றச் சொன்னார்கள். கறை போகவில்லை என்றதும், அதன் மேலேயே கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றச் சொன்னார்கள். மேல்கதவு ஒன்றுதான் திறந்திருந்தது. நான் கரையில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தேன். உள்ளிருந்து ஓயாத இருமல். எட்டிப் பார்த்தால் பையன் ஏணியில் ஏற முடியாமல் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறான், கண் ரெண்டும் சிவந்து நீர் கொட்டுகிறது. கையைப் பிடித்து இழுத்து வெளியே போட்டேன். எனக்கே தொண்டை எரிந்தது.

பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அது காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம், அதனால் மேலே எழும்பி வெளியே போகாது, படகின் அடியிலேயே தங்கும். குனிந்து தேய்க்கிறவன் மூக்குக்கு நேராக. வினிகரைச் சேர்த்தாலும் இதேதான். அமோனியா கலந்த சுத்தம் செய்யும் திரவம் சேர்ந்தால் வேறொரு நச்சு வாயு. பையனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஆக்ஸிஜன் வைத்தார்கள், சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவன் அம்மா வந்து நின்றபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒப்பந்தக்காரர் சொன்ன ஒரே பதில், "வேலைன்னா இப்படித்தான் சார்."

அன்றே நிறுத்தியிருக்க வேண்டும். பாதிப் பணத்துக்கு மேல் கொடுத்தாயிற்றே என்று விட்டுவிட்டேன். அது என் தவறு, இன்றைக்கும் உறுத்துகிறது.

நாலாம் நாள் படகைக் கையில் கொடுத்தார்கள். அடிப்பகுதி முழுக்கச் சாம்பல் நிறப் பெயின்ட், வழவழவென்று. எலுமிச்சம்புல் எண்ணெய் வாசம். மிச்சம் 17,000த்தைக் கொடுத்தேன். துண்டுச் சீட்டில் கையால் எழுதிய பில் ஒன்று கிடைத்தது. அதில் "கடல் தர ஹோஸ் 3 மீட்டர் 6,800" என்று ஒரு வரி. அந்தச் சீட்டை வாங்கி வைத்ததுதான் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம்.

மூன்று வாரம். மறுபடி அதே நாற்றம், இந்தத் தடவை தலைவலியோடு. பெயின்டில் தோசை மாவில் எழுவதுபோல் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஒன்றை ஊக்கால் குத்தினேன். கறுப்புத் தண்ணி ஒரு கோடாக வடிந்தது, முட்டை நாற்றம் முகத்தில் அடித்தது. ஈரம் காயாமலே, அழுக்கைச் சுரண்டாமலே மேலே பூசியிருக்கிறார்கள்.

அதற்குள் மாமா ஊர் திரும்பிவிட்டார். வந்து பார்த்து என்னைத் திட்டவில்லை, அதுவே எனக்கு வேதனையாக இருந்தது. "நாத்தம் எங்கேருந்து வருதுன்னு பார்க்காம அதை எப்படிடா எடுக்க முடியும்?" என்று மட்டும் கேட்டார். வீராம்பட்டினத்திலிருந்து அவருக்குத் தெரிந்த ஒரு பெரியவரையும் அழைத்து வந்தார், ஆயுசு முழுக்க மரப்படகு கட்டியவர். பெரியவர் தரைப்பலகையை ஒவ்வொன்றாகத் தூக்கச் சொன்னார். பிறகு ஒரு வாளித் தண்ணியில் மஞ்சள் தூளைக் கரைத்து, பாய்மரம் நிற்கும் இடத்தில் ஊற்றினார். "இது பின்னாடி பம்ப் குழிக்கு வந்து சேரணும்" என்றார். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஒரு சொட்டு மஞ்சள்கூட வரவில்லை.

படகின் அடியில் குறுக்காக வங்குகள் இருக்கும், விலா எலும்பு மாதிரி. ஒவ்வொரு வங்கிலும் தண்ணி கடந்து போக அடியில் விரல் நுழையும் அளவு துளை விட்டிருப்பார்கள். அந்தத் துளை அடைத்தால் முன்னால் விழும் தண்ணி பின்னால் இருக்கும் பம்புக்கு வரவே வராது. பம்ப் எவ்வளவு ஓடினாலும் பிரயோஜனம் இல்லை. பெரியவர் உளியை வைத்துப் பெயின்டைத் தட்டினார். உள்ளே எம்-சீல். துளையைக் கட்டை விரலால் அமுக்கி அடைத்திருக்கிறார்கள், ரேகைகூட அப்படியே பதிந்திருந்தது. மேலே சமமாகப் பெயின்ட் அடிக்க வசதியாக இருக்கட்டும் என்று! ஐந்து வங்கில் நாலை அடைத்திருந்தார்கள். முதல் அடைப்பைப் பிடுங்கியதும் முடி, மரத்தூள், மீன் செதில், ஊறிப்போன லேபிள் காகிதம் எல்லாம் கலந்து கறுப்பாக ஓடியது.

"ஓடாத தண்ணிதான் தம்பி நாறும்" என்றார் பெரியவர்.

மாமா அதையே விளக்கிச் சொன்னார். கடல் தண்ணி ஒரு லிட்டரில் ஏறக்குறைய 2.7 கிராம் சல்பேட் இருக்கிறது. காற்றுப் படாமல் தேங்கினால் அதில் வளரும் பாக்டீரியா சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடு ஆக்கிவிடும். அதுதான் முட்டை நாற்றம். மீன் அழுகல், பால், சோப்புத் தண்ணி என்று தீனியும் கிடைத்தால் இன்னும் வேகமாக. பழைய படகுகளில் ஐஸ் பெட்டித் தண்ணி நேராக அடியில் வடியும்படிதான் வைத்திருப்பார்கள், எங்களுடையதும் அப்படித்தான். இன்னொன்றும் சொன்னார்: இந்த வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போகும், நாற்றம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வோம். கதவைத் திறந்து காற்றாட விடாமல் யாரும் உள்ளே இறங்கக்கூடாது.

அடுத்து கழிப்பறை ஹோஸ். சூடான தண்ணியில் நனைத்துப் பிழிந்த துணியை ஹோஸைச் சுற்றிக் கட்டி, ஆறியதும் துணியை மோந்து பார்க்கச் சொன்னார் மாமா. துணியில் கக்கூஸ் நாற்றம் ஏறியிருந்தால் ஹோஸ் வழியாக நாற்றம் கசிகிறது என்று அர்த்தம். ஏறியிருந்தது. 6,800 ரூபாய் "கடல் தர" ஹோஸ் என்று போட்டிருந்தது, வயலில் மோட்டாருக்கு மாட்டுகிற சாதாரணப் பச்சை சக்‌ஷன் ஹோஸ். அதன் மடிப்புகளில் அழுக்கு தங்கும், சுவர் வழியாக நாற்றம் ஊடுருவும். அந்த வேலைக்கு அது ஆகவே ஆகாது.

வாசனை எண்ணெய் விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் படகின் அடியில் போய்த்தான் தேங்கும். கசிவு தெரிய வேண்டும் என்றுதான் அதில் நாற்றத்துக்கு மெர்காப்டன் சேர்க்கிறார்கள். எங்கள் படகில் கேஸ் அடுப்பு இருக்கிறது. எலுமிச்சை வாசத்துக்கு நடுவில் கேஸ் கசிந்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? தீக்குச்சி கிழிக்கும்போதுதான் தெரிந்திருக்கும்.

சரிசெய்ய எங்களுக்கு இரண்டு சனி ஞாயிறு ஆனது. கொப்புளம் விட்ட பெயின்டைச் சுரண்டினோம். பாத்திரம் கழுவும் சோப்பும் சுடுதண்ணியும் விட்டுத் தேய்த்தோம், ஒவ்வொரு துளையிலும் பிரஷ் விட்டோம், நல்ல தண்ணியால் நாலு தடவை அலசினோம். ஐஸ் பெட்டித் தண்ணியைத் தனி கேனில் விழ விட்டோம். எஞ்சின் தண்டு வெளியே போகும் இடத்தில் அளவுக்கு மேல் சொட்டியது, மாமா அங்கே கசிவை அடைக்கும் பேக்கிங் கயிற்றை மாற்றினார். பாய்மரத்தைச் சுற்றி ரப்பர் உறை கட்டினோம். சரியான ஹோஸைச் சென்னை பாரிமுனையில் விசாரித்து வாங்கி வந்தோம். எல்லாம் சேர்த்து 11,000 ரூபாய்க்குள் முடிந்தது. இப்போது ஒவ்வொரு தடவை கரைக்கு வந்ததும் கழிப்பறைக் குழாயில் நல்ல தண்ணி விட்டுத் தள்ளுகிறோம். கடல் தண்ணி ஹோஸுக்குள் வாரக்கணக்கில் நின்றால் அதுவே அழுகிவிடும்.

அந்த ஆள் ஒரே ஒரு தடவை போனை எடுத்தார். "கடல் தண்ணி சார், நாறத்தான் செய்யும்" என்றார். பிறகு நம்பர் அணைந்துவிட்டது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து பதிவு செய்தேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு கொடுத்திருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். துண்டுச் சீட்டு, பணம் அனுப்பிய விவரம், பச்சை ஹோஸ், ரேகை பதிந்த எம்-சீல் கட்டி எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. இதே மாதிரி உங்களிடமும் யாராவது வேலை செய்திருந்தால், தரைப்பலகையைத் தூக்கி ஒரு வாளி மஞ்சள் தண்ணி ஊற்றிப் பாருங்கள். எங்கள் படகில் நேற்று ஊற்றினேன், இரண்டு நிமிஷத்துக்குள் பம்ப் குழிக்கு வந்துவிட்டது.