குப்பைமேனியா, கேட்னிப்பா, அருகம்புல்லா?

எங்கள் வீட்டுப் பூனையின் பெயர் மிளகு. நல்ல கறுப்பு, நாலு கிலோ, மூன்றாவது மாடி பால்கனியைத் தாண்டி உலகம் பார்த்ததில்லை. போன வருஷம் தன் முடியை நக்கி நக்கி விழுங்கி, வாரத்துக்கு இரண்டு முறையாவது பாயில் உருண்டையாகக் கக்கிவைக்கும். மணி பிளாண்ட் இலையையும் கடித்துப் பார்க்கும். அந்த இலை வாயையும் தொண்டையையும் எரிய வைக்கும். சரி, மெல்லுவதற்கு ஏதாவது ஒரு பச்சையை நாமே கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தோம். எதைக் கொடுப்பது என்பதில் வீடு மூன்று கட்சியாகப் பிரிந்தது. அத்தை குப்பைமேனி, மகள் கேட்னிப், நான் அருகம்புல்.

கேட்னிப்பை முதலில் முடித்துவிடுகிறேன். புதினாவுக்கு உறவுக்காரச் செடி. காயவைத்த இலைத்தூள் ஆன்லைனில் கிடைக்கும். அதிலுள்ள நெபெடாலாக்டோன் வாசனை மூக்கில் ஏறினால் பூனை பத்து நிமிஷம்போல உருண்டு புரளும். அப்புறம் கொஞ்ச நேரத்துக்கு அதே வாசனையைக் கண்டுகொள்ளாது. பழக்க அடிமை ஆகிவிடுமோ என்ற பயம் வேண்டாம். நிறையத் தின்றால் வயிறு கலங்கும், அவ்வளவுதான். ஆனால் மூன்றில் ஒரு பூனைக்குப் பிறவியிலேயே இது ஏறாது. மிளகு அந்த ரகம். தூளை முகர்ந்துவிட்டு, அது வந்த அட்டைப்பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. அதனால் கேட்னிப்பைப் பற்றி என் அனுபவம் ஒரு பெட்டி அளவுதான்.

குப்பைமேனி விஷயம் அப்படி இல்லை. "அதுக்குப் பேரே பூனைவணங்கிதானேம்மா, பூனைக்கு ஆகாதுன்னா அந்தப் பேரு ஏன் வருது?" என்றார் அத்தை. பேர் உண்மைதான். செடியை வேரோடு பிடுங்கிப் போட்டால் தெருப் பூனைகள் வேரைச் சுற்றிக் கிறங்கிக் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். கேட்னிப்பில் இருக்கும் பொருளுக்கு உறவுக்காரப் பொருள் ஒன்று அந்த வேரில் இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் பிரித்தெடுத்துக் காட்டியிருக்கிறார்கள்.

ஆனால் அத்தை சொன்னது வேரை முகரவிடுவதை அல்ல. இலையைப் பூண்டோடு இடித்து, சாறு பிழிந்து, வாயில் விடுவதை. குடல் புழுவுக்கு அவர் பிள்ளைகளுக்குச் செய்த வைத்தியம் அது. "மூணு பிள்ளைக்கும் குடுத்தேன், மூணும் நல்லாத்தானே இருக்கு?" இருக்கிறார்கள். அதில் ஒருவரைத்தான் நான் கட்டியிருக்கிறேன்.

நான் அங்கேதான் நின்றேன். மூன்றையும் எடைபோட எனக்கு ஒரே தராசு போதுமாக இருந்தது: பூனையின் ரத்தமும் ஈரலும்.

நம் ஈரல் பல மருந்துப் பொருள்களை குளுகுரோனிக் அமிலத்தோடு ஒட்டிக் கரைத்து வெளியே அனுப்பிவிடும். பூனை கறி மட்டுமே தின்று வளர்ந்த சாதி. செடிகளின் காரசாரத்தைச் சமாளிக்கும் அந்த வசதி அதற்கு மிகக் குறைவு. நாம் தலைவலிக்குப் போடும் 500 மில்லிகிராம் பாரசிட்டமால் ஒன்று போதும், ஒரு பூனை செத்துப்போக. அடுத்தது ரத்தம். மனிதரின் ஹீமோகுளோபின் மூலக்கூறில் எளிதில் தாக்குப்படும் கந்தக முனைகள் இரண்டு. பூனைக்கு எட்டு. வெங்காயம், பூண்டிலுள்ள கந்தகப் பொருள்கள் அவற்றைத் தாக்கி சிவப்பணுக்களை உடைக்கும். கிலோவுக்கு 5 கிராம் வெங்காயமே பூனையின் ரத்தத்தைக் கெடுக்கும் என்பது கணக்கு. மிளகுக்கு அது 20 கிராம், அதாவது மூன்று நாலு சின்ன வெங்காயம். பூண்டு இதைவிடப் பல மடங்கு வீரியம். வதக்கினாலும் வேகவைத்தாலும் பொடியாக்கினாலும் வேகம் போகாது. இன்னொரு சங்கடம், அன்றைக்கே ஒன்றும் தெரியாது. நாலைந்து நாள் கழித்து ஈறு வெளுத்து, மூச்சு வாங்கி, சிறுநீர் பழுப்பாகப் போகும்போது, திங்கட்கிழமை வைத்த குழம்புச்சோறு யாருக்கு ஞாபகம் இருக்கும்? மீன் குழம்பைக் கழுவிவிட்டு மீனை மட்டும் வைக்கிறேன் என்பவர்களும் இதை யோசிக்க வேண்டும். பூண்டுச் சாறு மீனுக்குள் ஊறித்தான் இருக்கும். நான் இப்போது பூனை மீனை உப்புகூடப் போடாமல் தனியாக வேகவைத்து, முள் எடுத்துத்தான் வைக்கிறேன்.

அப்படியானால் பூண்டை விட்டுவிட்டு குப்பைமேனியை மட்டும் கொடுக்கலாமே என்றார் அத்தை. அதிலும் அகாலிஃபின் என்று ஒன்று இருக்கிறது, சயனைடு சேர்ந்த வகைப் பொருள். இலங்கையில் குப்பைமேனிக் கஷாயம் குடித்த சிலருக்கு, ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு இருந்ததால், சிவப்பணுக்கள் உடைந்துபோனது 1990களில் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. மனிதரிலேயே சிலரின் ரத்தத்தை உடைக்கிற இலையை, பிறவியிலேயே ரத்தம் பலவீனமான பிராணிக்குச் சங்கில் ஊற்ற எனக்கு மனசு வரவில்லை. வேரை முகர்ந்து புரள்வது வேறு, இலைச்சாறு வயிற்றுக்குள் போவது வேறு. புழுவுக்குக் கால்நடை மருத்துவர் எடை பார்த்து மாத்திரை கொடுத்தார். அத்தைக்கு இன்னும் அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

அருகம்புல்லில் மருந்து என்று சொல்லிக்கொள்ள எதையும் நான் எதிர்பார்க்கவில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது. பூனை புல்லை மெல்லும், பாதியைத் துப்பும், சில நாள் கக்கும். புல் தின்பதே வாந்தி எடுக்கத்தான் என்ற பேச்சும் முழுக்கச் சரியில்லை. அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூனை வளர்ப்பவர்களிடம் கேட்டதில், செடி தின்ற பூனைகளில் அடிக்கடி வாந்தி எடுத்தவை ஏறக்குறைய கால்வாசிதான்.

புல்லில் வரும் ஆபத்து புல்லால் இல்லை, அது வளர்ந்த மண்ணால். முதலில் பிள்ளையார் கோயில் வாசலில் பத்து ரூபாய்க்கு ஒரு கட்டு வாங்கினேன். எந்த வரப்பில் அறுத்தது, மருந்தடித்த வயலா, நாய் ஒன்றுக்குப் போகும் இடமா, விற்கும் அம்மாவுக்கே தெரியாது. அந்தக் கட்டு பிள்ளையாருக்கே போயிற்று. இப்போது பழைய தயிர் டப்பாவில் மண் போட்டு, ராத்திரி ஊறவைத்த முழுக் கோதுமையைத் தூவுகிறேன். எட்டு நாளில் விரல் நீளத்துக்கு வந்துவிடும். விதைக்கடையில் மருந்து தடவிய கோதுமை கொடுப்பார்கள், அது வேண்டாம். மளிகைக்கடைக் கோதுமையே போதும். ஒரு டப்பா மஞ்சளாகும்போது அடுத்தது தயாராக இருக்கும்படி இரண்டு டப்பா ஓடுகிறது. ஆக, அருகம்புல் கட்சியும் கடைசியில் கோதுமைப்புல்லிடம் தோற்றது என்று மகள் கணக்குச் சொல்கிறாள்.

உருண்டை கக்குவது மாதத்துக்கு ஒன்றிரண்டாகக் குறைந்திருக்கிறது. ஆனால் அதே மாதம்தான் மருத்துவர் சொல்லி தினமும் சீப்பால் வாரவும் ஆரம்பித்தேன். புல்லாலா, சீப்பாலா என்று கேட்டால் சீப்பு என்றுதான் சொல்வேன். மணி பிளாண்டைக் கடிப்பது நின்றது மட்டும் புல் வந்த வாரத்தில்தான். இருந்தாலும் அந்தத் தொட்டியைக் கீழ்வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.