மாநிலத்தின் பணம் யார் கையில்? அமெரிக்க முறையும் ஜெர்மன் முறையும்

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு மாதிரி அரசியல் சட்டம் எழுதிப் பார்த்தோம். மத்தியும் மாநிலமும் அதிகாரத்தைப் பிரித்துக்கொள்ள எந்த நாட்டு முறையை எடுப்பது என்பதில் கடைசிவரை நின்றவை அமெரிக்காவும் ஜெர்மனியும். நான் ஜெர்மனிக்குக் கை தூக்கினேன்.

எந்தத் துறை யாருக்கு என்ற பட்டியலைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். மத்திக்கு என்று எழுதிக் கொடுக்காதது மாநிலத்துக்கே என்பதுதான் இரண்டிலும் விதி. அப்படி இருந்தும் நடைமுறை வேறாகப் போவதற்குக் காரணம் பணம்.

அமெரிக்காவில் மது அருந்தும் வயதை முடிவு செய்வது மாநிலங்களின் வேலை. 1984இல் மத்திய அரசு ஒரு சட்டம் போட்டது: வயதை 21 ஆக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பங்கு வராது. தெற்கு டகோட்டா வழக்குப் போட்டு 1987இல் தோற்றது. அடுத்த ஆண்டுக்குள் எல்லா மாநிலங்களும் இறங்கி வந்துவிட்டன. அதிகாரம் ஏட்டில் மாநிலத்திடம்தான் இருந்தது, ஆனால் முடிவு வாஷிங்டனில் எடுக்கப்பட்டது. 2012இல் ஏழைகளுக்கான மருத்துவ உதவித் திட்டம் (மெடிகெய்ட்) பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த நெருக்கடிக்கு ஓர் எல்லை போட்டது உண்மை. ஆனாலும் மாநிலம் ஒவ்வொரு முறையும் நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் மேலவையான செனட் மாநிலங்களைக் காப்பாற்றாதா? 1913 வரை செனட்டர்களை மாநிலச் சட்டமன்றங்கள் தேர்ந்தெடுத்தன. அந்த ஆண்டு அது மக்களின் நேரடித் தேர்தலாக மாறியது. மத்திய வருமான வரிக்கு வழிவிட்ட திருத்தமும் அதே ஆண்டுதான். மத்தியின் பை பெருத்த நேரத்திலேயே மாநில அரசின் குரல் மேலவையிலிருந்து போய்விட்டது.

ஜெர்மனியில் மேலவையான புன்டஸ்ராட்டில் உட்காருவது மாநில அமைச்சர்களே. மொத்தம் 69 வாக்குகள், மக்கள்தொகையைப் பொறுத்து மாநிலத்துக்கு 3 முதல் 6 வரை. ஒரு மாநிலத்தின் வாக்குகள் பிரியக் கூடாது. 2002இல் பிராண்டன்பர்க் பிரதிநிதிகள் குடியேற்றச் சட்டத்துக்கு ஒருவர் ஆம் என்றும் இன்னொருவர் இல்லை என்றும் சொன்னதால் அந்தச் சட்டத்தையே அரசியல் சட்ட நீதிமன்றம் ரத்து செய்தது. எனக்கு முக்கியமானது அடுத்தது: மாநிலங்களுக்குப் பங்கு உள்ள எந்த வரியின் சட்டத்தைத் தொட்டாலும் புன்டஸ்ராட் சம்மதம் வேண்டும். விற்பனை வரியில் யாருக்கு எவ்வளவு என்பதும் அதில் அடக்கம். நிறுவன வரியைச் சரிபாதியாகப் பிரிக்க வேண்டும் என்று அரசியல் சட்டமே சொல்லிவிடுகிறது. அதனால் மாநிலம் யாரிடமும் போய்க் கேட்டு நிற்க வேண்டியதில்லை.

குறை இல்லாமல் இல்லை. எதிர்க்கட்சிகள் கையில் புன்டஸ்ராட் போனால் வேலை முடங்கும். சம்மதம் தேவைப்படும் சட்டங்களைக் குறைக்க 2006இல் திருத்தமே கொண்டுவந்தார்கள். பல மொழி பேசும் நாட்டில் இது இதே மாதிரி ஓடுமா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது, ஜெர்மனி பெரும்பாலும் ஒரே மொழி நாடு.

அப்புறம், அங்கே மாநிலங்கள் சொந்தமாக வரி விகிதம் வைக்க இடம் மிகக் குறைவு. இதில் அமெரிக்காதான் மேல்: டெக்சாஸும் ஃப்ளோரிடாவும் தனிநபர் வருமான வரியே வேண்டாம் என்று இருக்க முடிகிறது. அதனால் எங்கள் வரைவில் மேலவையை ஜெர்மனியிலிருந்தும், மாநிலம் தானே விகிதம் வைக்கும் ஒரு வரியை அமெரிக்காவிலிருந்தும் எடுத்துக்கொண்டோம்.